டிக்கிக்குள் பிரிக்காமல் கிடந்த வயர்

மச்சான்,

நேற்றிலிருந்து என் விரல்களில் புது ரப்பர் மணக்கிறது. சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவிப் பார்த்தேன், போகவில்லை. நீ இருந்தால், "விரலிலை இல்லையடா, உன்ரை மண்டைக்குள்ளைதான் மணக்குது" என்று சொல்லியிருப்பாய். வழக்கம்போலப் பகிடிதான். இந்த முறை எனக்குச் சிரிப்பு வராது.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்ல என்னிடம் தெம்பு இல்லை.

நேற்றுக் காலை நண்டு வாங்கலாம் என்று குருநகருக்குப் போனேன். கோயில் பெருநாள் தொடங்கியிருந்தது. முன்வீதியில் வெளிச்சம் கட்டிக்கொண்டு நின்றார்கள். மதிலோரமாக என்னுடையதைப் போலவே ஒரு கார், அதே நிறம்கூட. சார்ஜ் ஏற்றுகிற அதன் வாயில் ஒரு வயர் கொழுவியிருந்தது. அந்த வயர் நேராக ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் போனது. பெட்டியிலிருந்து பாட்டு வந்துகொண்டிருந்தது. எனக்கு இது தலைகீழாகப் பட்டது. பக்கத்தில் நின்ற ஒலிபெருக்கிக்காரரிடம் கேட்டேன்.

"என்ன, கோயில் கரண்டிலை காருக்குச் சார்ஜ் ஏத்திறியளோ?"

"இல்லை ஐயா. கோயில்லை கரண்ட் நிண்டிட்டுது. காரிலையிருந்துதான் எடுக்கிறம்."

"காரிலையிருந்தோ?"

"ஓம். உங்கடையும் உதே கார்தானே? டிக்கியைத் திறந்து பாருங்கோ. அடித்தட்டைத் தூக்கினால் ஒரு கறுப்புப் பை கிடக்கும். கார் தரேக்கையே தாறவை."

நான் திறந்தேன். தட்டைத் தூக்கினேன். கிடந்தது. பொலித்தீன் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. உள்ளே முழ நீளத்துக்கு ஒரு தடித்த வயர். ஒரு நுனி காரின் வாய்க்குப் பொருந்துவது. மற்ற நுனியில் சாதாரண பிளக் பொயின்ற், வீட்டுச் சுவரில் இருப்பதுபோல. உன் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் இருந்ததே, அதுபோல.

டிக்கியின் விளிம்பிலேயே இருந்துவிட்டேன். அந்த மனிதர் ஓடிவந்து, "ஐயா, என்ன செய்யுது? தண்ணி கொண்டரட்டோ?" என்று கேட்டார். அவருக்கு நான் என்ன சொல்வது? தீவு முழுக்கக் கரண்ட் நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமை இந்தக் கார் உன் முற்றத்தில் மூன்று மணித்தியாலம் நின்றது. நிறையச் சார்ஜோடு நின்றது. இந்தப் பை இதே இடத்தில் கிடந்தது. கார் நின்ற இடத்திலிருந்து எண்ணிப் பத்து அடி தள்ளி, யன்னலுக்கு அந்தப் பக்கம், நீ மூச்சுக்கு அடித்துக்கொண்டு கிடந்தாய்.

இதைப் புவனாவிடம் சொல்லவேண்டியிருந்தது. உன் மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் நேற்று முழுக்க வீட்டுக்குள் நடந்தேன். சொல்லாமல் விட்டால் அவளுக்கு ஒன்றுமே தெரியவராது. சொன்னால் அந்த வீட்டுப் படியை நான் இனி மிதிக்கலாமோ தெரியாது. நாற்பது வருஷத்துச் சிநேகம், அதில் மிச்சமிருப்பது அவள் கையால் வாங்கிக் குடிக்கிற ஒரு பிளேன்ரீ மட்டும்தான். அதுவும் போய்விடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பயம்தான்.

நினைவிருக்கிறதா மச்சான், என் மகள் பிறந்த அன்று? சண்டைக்காலம். குடாநாட்டுக்குக் கரண்ட் இல்லாமல் போய் வருஷக்கணக்கு. ரோச்லைற் பற்றறிகூட வராத காலம். பொழுது படுகிற நேரம் என் மனைவிக்கு நோவு கண்டுவிட்டது. மருத்துவிச்சி வந்து கைவிளக்கைப் பார்த்துவிட்டு, "உந்த வெளிச்சத்திலை நான் என்னத்தைக் காணுறது?" என்று கத்தினாள். நான் வாசலில் நின்று கையைப் பிசைந்தேன். தண்ணீர் இறைக்கிற மிசின் திருத்துகிறவன் நீ, உன்னிடம் ஒரு பழைய மோட்டச்சைக்கிள் இருந்தது. அதை உருட்டிக்கொண்டுவந்து யன்னலோரம் நிறுத்தினாய். முன்விளக்கைக் கழற்றினாய். வயரை யன்னல் கம்பிக்குள்ளால் விட்டு, விளக்கை அறைக்குள்ளே கூரை வளையில் கட்டினாய். ஊசிக்குழாயால் நாலு துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு உதைத்துவிட்டு, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினாய்.

வேகம் குறைந்தால் வெளிச்சம் மங்கும். அதனால் பிள்ளை அழுகிற சத்தம் கேட்கும்வரைக்கும் நீ முறுக்கிய கையை எடுக்கவேயில்லை. முற்றம் முழுக்க மண்ணெண்ணெய்ப் புகை. நான் அந்தப் புகைக்குள் நிற்க ஏலாமல் ஒழுங்கை வாசலுக்குப் போய்விட்டேன். நீ சால்வையால் மூக்கைக் கட்டிக்கொண்டு நின்றாய். உள்ளேயிருந்து அழுகை கேட்டதும் மிசினை நிப்பாட்டிவிட்டு இருமி இருமி என்னிடம் வந்து, "பொம்பிளைப் பிள்ளையாம். இனி உனக்கு நித்திரை இல்லை" என்றாய்.

உனக்கு எதைக் கண்டாலும் அந்த ஒரே கேள்விதான். இதிலிருந்து கரண்ட் எடுக்கலாமோ? கவிழ்த்து வைத்த சைக்கிளின் டைனமோவில் றேடியோ கேட்டாய். கலியாண வீட்டுக்கு உழவு மிசினில் வெளிச்சம் போட்டாய். ஊரே அப்படித்தான் இருந்தது, ஆனால் உனக்கு அதிலொரு குஷி. எனக்கு அது வெட்கமாக இருந்தது என்று உனக்கு நான் சொன்னதில்லை. வங்கியில் வேலை பார்க்கிறவன், வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு, சைக்கிளைக் கவிழ்த்துவைத்துக் கையால் சுற்றிக்கொண்டிருந்தேன். சண்டை முடிந்து ஊருக்குக் கரண்ட் லைன் வந்த அன்று, இனி இந்தக் கூத்தெல்லாம் என் வாழ்க்கையில் இல்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அந்த வெட்கத்துக்கான விலையைத்தான் கடைசியில் நீ கொடுத்தாய்.

பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்றோமே, அதற்குப் பிறகு எனக்கு ஒரு பித்துப் பிடித்தது. சூரிய ஒளி, காற்றாடி, பற்றறிக் கார் என்று கிடைத்ததையெல்லாம் வாசித்தேன். பளைப் பக்கம் சுற்றுகிற காற்றாடிகளைக் காணும்போதெல்லாம் பஸ்ஸுக்குள் பக்கத்தில் இருக்கிறவருக்கு வகுப்பெடுத்தேன். இனி முதல் போடுகிறவன் எண்ணெயில் போடமாட்டான், வெய்யிலில்தான் போடுவான் என்று சொல்லித் திரிந்தேன். ஓய்வு பெற்ற வங்கிக்காரன் என்றபடியால் ஆட்கள் கேட்டார்கள். நீயும் கேட்டாய். உன் நெல்லியடி வீட்டு ஓட்டைக் கழற்றித் தகரம் போட்டு அதன்மேல் சோலார் தட்டுப் பூட்ட வைத்தது நான்தான்.

பூட்ட வந்தவர்கள் இரண்டு வழி சொன்னார்கள். பற்றறி இல்லாமல் போட்டால் செலவு குறைவு, பகலில் விளைகிறதை லைனுக்கு விற்கலாம், ஆனால் லைன் நின்றால் இதுவும் நின்றுவிடும். பற்றறியோடு போட்டால் லைன் நின்றாலும் வீடு ஓடும், ஆனால் செலவு மிகவும் கூட. நீ உடனே பற்றறிப் பக்கம் சாய்ந்தாய். நான் கணக்கு எழுதுகிற கொப்பியை விரித்துவிட்டேன்.

"பற்றறி வைச்சால் முதல் திரும்பி வர எத்தினை வருஷம் செல்லும் தெரியுமே? பெட்டிக்குள்ளை காசைப் போட்டுப் பூட்டிறதுக்கு உது சமன்" என்றேன்.

"முதல் திரும்பி வாறது கிடக்கட்டும். லைன் போனால் கரண்ட் திரும்பி எப்ப வரும்? அதைச் சொல்லு."

"சண்டை முடிஞ்சுதடா. இனியும் உந்தப் புத்தியோடை இராதை."

நீ என்னைப் பார்த்தாய். பிறகு, "நீ படிச்சவன், நீ சொன்னால் சரி" என்று கையெழுத்துப் போட்டாய். அந்தச் சொல்லில் குத்தல் எதுவும் இருக்கவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் இப்போது எனக்குக் கொஞ்சம் சுகமாக இருக்கும். உன் வீட்டுக் கரண்ட் பில் இல்லாமல் போனது, மாதாமாதம் உனக்குக் கொஞ்சம் காசு வந்தது, புவனா எனக்கு ஒடியல் கூழ் காய்ச்சித் தந்தாள். நான் சொன்னது பலித்துவிட்டது என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தேன்.

அதற்குப் பிறகுதான் உன் நெஞ்சு. நுரையீரல் இறுகிவிட்டது என்றார் டொக்டர். சுருட்டுப் பக்கமே போகாத ஆளுக்கு எப்படி என்று புவனா கேட்டாள். அவர் பல காரணம் இருக்கலாம் என்றார். எனக்கு அந்த முற்றத்துப் புகை ஞாபகம் வந்தது, நான் வாய் திறக்கவில்லை. ஒட்சிசன் மிசின் வீட்டுக்கு வந்தது. காற்றை இழுத்து ஒட்சிசனைப் பிரித்துக் குழாயில் தருகிற மிசின், கரண்ட் இருந்தால் மட்டும் ஓடுகிற மிசின். அவசரத்துக்கென்று ஒரு சின்னச் சிலிண்டரும் வைத்தார்கள். அந்த நேரமாவது நான் கொப்பியைத் திரும்ப விரித்திருக்க வேண்டும். இப்போது கணக்கு வேறு, ஒரு பற்றறி போடு என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றவே இல்லை. போட்ட முதல் திரும்பிக்கொண்டிருக்கிறது, கணக்கு முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

வெளிநாட்டிலிருந்து கார் இறக்க அரசாங்கம் திரும்ப விட்டதும் இந்தக் காரை வாங்கினேன். விற்றவர் ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்தினார். நான் கேட்டவை இரண்டே இரண்டு. பற்றறிக்கு எத்தனை வருஷ உத்தரவாதம், திருப்பி விற்றால் என்ன விலை போகும். மற்றதெல்லாம் ஒரு காதால் வாங்கி மறு காதால் விட்டேன். முதல் ஓட்டம் உனக்குத்தான். சின்னச் சிலிண்டரை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு முன் ஆசனத்தில் இருந்தாய். பருத்தித்துறைக் கடற்கரை மட்டும் போய் வந்தோம். யன்னலை இறக்கச் சொன்னாய். வெளியே தலையை நீட்டி மணந்து பார்த்தாய்.

"புகையே இல்லை மச்சான். உது எனக்குக் காணும்."

திரும்பி வரும்போது நடுவில் இருந்த திரையை உற்றுப் பார்த்துக்கொண்டு வந்தாய். நீ அடுத்து என்ன கேட்பாய் என்று எனக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

"உவ்வளவு பெரிய பற்றறி. ஒரு வீட்டை ரெண்டு நாளைக்கு ஓட்டும் போலை கிடக்கு. வெளியாலை கரண்ட் எடுக்க வழி ஏதும் வைச்சிருக்கிறாங்களோ?"

"டேய், உது கார். உன்ரை பழைய மோட்டச்சைக்கிள் எண்டு நினைச்சியோ?"

"சரி, சரி. வித்தவனை ஒருக்கால் கேட்டுப் பார். கேக்கிறதுக்குக் காசில்லைத்தானே."

கேட்கிறேன் என்று சொன்னேன். கேட்கவில்லை. மறந்துபோனேன் என்று சொன்னால் அது பொய். புதுக் காரைப் பற்றி அப்படி ஒரு கேள்வியை அந்தக் குளிரூட்டிய கந்தோரில் போய்க் கேட்க எனக்கு வெட்கம். யாழ்ப்பாணத்தானுக்கு இன்னும் சண்டைக்காலம் முடியவில்லை என்று நினைப்பார்கள் என்ற வெட்கம். அதற்குத் தேவையான வயரை அவர்களே தந்து, அதை நானே வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையை நான் இதுவரை உனக்கு முழுதாகச் சொன்னதில்லை. நீ அங்கே இருந்தாய்தான், ஆனால் நான் கண்டது வேறு.

நான் வந்து காரை முற்றத்தில் நிறுத்தும்போது பகல் சாப்பாட்டு நேரம் கிட்டியிருந்தது. உள்ளே மிசின் கீச்சென்று கத்தியது. கரண்ட் நின்றுவிட்டது. புவனா சிலிண்டரைத் திறந்து குழாயை மாற்றிக் கொழுவினாள். "இப்ப வந்திடும்" என்றேன். வரவில்லை. கைத்தொலைபேசியில் பார்த்தால் தீவு முழுக்க லைன் இல்லை என்றார்கள். அப்போதும் நான் பயப்படவில்லை. சிலிண்டரின் முள் இறங்கத் தொடங்கிய பிறகுதான் நான் மணிக்கூட்டைப் பார்த்தேன்.

புவனா முற்றத்துக்கு ஓடிப்போய்க் கூரையைப் பார்த்தாள். நெற்றியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணை, வெய்யில் தகதகவெண்டு எறிக்குது. கூரை முழுக்கச் சோலார் கிடக்கு. பேந்து ஏன் மிசின் ஓடேல்லை?"

லைனில் வேலை செய்கிறவர்களுக்குக் கரண்ட் அடித்துவிடக் கூடாது என்பதற்காக, லைன் நிற்கும்போது இதுவும் தானாக நிற்கும்படிதான் செய்திருக்கிறார்கள் என்று விளங்கப்படுத்தினேன். வகுப்பெடுப்பதுபோலத்தான் சொன்னேன். அவள் முழுதும் கேட்டாள்.

"அப்ப உந்த வெய்யில் ஆருக்கு அண்ணை?"

அம்புலன்சுக்கு எடுத்தேன். எல்லாம் வெளியே போயிருக்கிறது, வந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள். நானே காரில் ஏற்றிக்கொண்டு போகிறேன் என்றதும் நீ கையை ஆட்டி மறித்தாய். ஆசுபத்திரிக்குப் போனால் திரும்பி வரமாட்டேன் என்று நீ எத்தனையோ தரம் சொல்லியிருந்தாய். அதனால் காத்திருந்தோம். கரண்ட் வரும், இந்தா வரும் என்று காத்திருந்தோம். புவனா பனையோலை விசிறியால் விசுக்கினாள். உன் நகங்கள் நீலமாகிக்கொண்டு வந்தன. சிலிண்டர் முடிந்தது.

அப்போதுதான் நீ பேசினாய். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு.

"காரிலை... வயரைக்... கொழுவு."

நான் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "பேசாதை மச்சான், மூச்சை வீணாக்காதை" என்றேன். நீ திரும்பவும் சொன்னாய். யன்னல் பக்கம் தலையைத் திருப்பிச் சொன்னாய்.

"யன்னலாலை... விடு... வயரை."

நான் புவனாவிடம் திரும்பினேன். இனிச் சொல்லப்போவதைத்தான் நேற்றிலிருந்து என்னால் தாங்க முடியவில்லை. நான் சொன்னேன், உன் முன்னாலேயே, உனக்குக் கேட்கும்படியே சொன்னேன்.

"என்ரை மகள் பிறந்த அண்டைக்கு மோட்டச்சைக்கிள்ளை வெளிச்சம் போட்டவன். உதைத்தான் நினைச்சுக் கதைக்கிறான். தலைக்கு ஒட்சிசன் காணாது, அறிவு மாறாட்டம்."

புவனா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். என்னை அடையாளம் தெரியாமல் பார்க்கிறாய் என்று நினைத்தேன். பிறகு, ஒரு பைத்தியக்காரனைப் பார்த்துச் சொல்வதுபோல, "விசரா" என்றாய். அவ்வளவுதான். கண்ணை மூடிவிட்டாய். அதற்குப் பிறகு நீ பேசவில்லை.

உன்னைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு ஆசுபத்திரிக்குப் போனேன். இந்தக் காருக்குச் சத்தம் இல்லை. போகும் வழியெல்லாம் நீ இழுத்த மூச்சு மட்டும்தான் கேட்டது. மூன்றாம் நாள் நீ போய்விட்டாய். நுரையீரல் ஏற்கெனவே முடிந்துவிட்டது, எப்படியும் கனகாலம் இருந்திருக்காது என்றார் டொக்டர். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை மாதமும் நித்திரை கொண்டேன். அது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் அந்த மூன்று மணித்தியாலம்? அதை உனக்கு யார் தருவது? அந்த வீட்டில் அன்று அறிவோடு இருந்த ஒரே ஆள் நீதான். உன்னைப் பார்த்துத்தான் நான் அறிவு மாறாட்டம் என்றேன்.

இன்று காலை நெல்லியடிக்குப் போனேன். பையைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். புவனா வழக்கம்போல, "இருங்கோ அண்ணை, தேத்தண்ணி போடுறன்" என்றாள். வேண்டாம், முதலில் நீ இரு என்றேன். உன் மிசின் இன்னும் மூலையில்தான் நிற்கிறது. உன் வேட்டியால் மூடி வைத்திருக்கிறாள். திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லையாம்.

பையை மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். குருநகரில் கண்டதை, நீ காருக்குள் கேட்டதை, நான் விற்றவரிடம் கேட்காமல் விட்டதை. என்னைக் காப்பாற்றிக்கொள்ளும்படி ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. அவள் அந்த வயரைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தாள்.

"அப்ப, அண்டைக்கு அவர் காரிலை கொழுவச் சொன்னது..."

"உந்தக் காரைத்தான் சொன்னவன், புவனா. சரியாத்தான் சொன்னவன்."

அவள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். எனக்கு ஏச்சு விழப்போகிறது, வெளியே போ என்பாள் என்று காத்துக்கொண்டு நின்றேன். வயரை மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"இவ்வளவு நாளும் அண்ணை, கடைசியிலை அவருக்கு நானும் இல்லை, இந்த வீடும் இல்லை, எங்கையோ பழைய காலத்திலைதான் நிண்டவர் எண்டு நினைச்சு நினைச்சு அழுதனான். அவர் இஞ்சைதான் இருந்திருக்கிறார். என்னோடைதான் இருந்திருக்கிறார்."

அழுதாள். நான் எதிர்பார்த்த அழுகை அது இல்லை. என் நெஞ்சில் கல்லாக விழுந்தது அவளுக்கு உன்னைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்துவிட்டது. எனக்கு அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஆனால் அவள் என்னை விட்டுவிடவும் இல்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து கேட்டாள்.

"நீங்கள் ஏனண்ணை அண்டைக்கு ஒருக்கால் கேட்டுப் பாக்கேல்லை?"

"வெட்கப்பட்டனான், புவனா."

"வெட்கமோ?" என்றாள். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு எழுந்து மிசினின் மேலிருந்த வேட்டியை எடுத்து மடித்தாள்.

"கொழுவிக் காட்டுங்கோ."

காரை யன்னலோரம் எடுத்து நிறுத்தினேன். வயர் முதல் தடவை பொருந்தவில்லை. இரண்டாம் தடவை கடக்கென்று விழுந்தது. உன் பழைய நீட்டு வயரை அதில் கொழுவி, யன்னல் கம்பிக்குள்ளால் விட்டேன். உள்ளேயிருந்து புவனா இழுத்து எடுத்தாள். மிசின் ஒருமுறை கீச்சென்றது. பிறகு அந்தச் சத்தம் வந்தது, உனக்குத் தெரியுமே, ஆள் மூச்சு விடுவதுபோல இழுத்து இழுத்து விடுகிற சத்தம். புவனா குழாயின் நுனியை எடுத்துத் தன் கன்னத்தில் பிடித்துக்கொண்டு உன் கட்டிலில் இருந்தாள்.

நான் யன்னலுக்கு வெளியே நின்றேன். அன்று நீ என் வீட்டு யன்னலுக்கு வெளியே நின்றாயே, அதுபோல. புகை இல்லை. கையை முறுக்கிப் பிடிக்க வேண்டிய தேவையும் இல்லை. சும்மா நிற்க வேண்டியதுதான். அவ்வளவு லேசான வேலை.

"நிப்பாட்டட்டோ?" என்று கேட்டேன்.

"கிடக்கட்டும் அண்ணை. கொஞ்சம் ஓடட்டும்."

அரை மணித்தியாலம் ஓடவிட்டோம். பிறகு அவள் தேத்தண்ணி போட்டாள். நான் குடித்தேன். "அடுத்த ஞாயிறும் வாங்கோ" என்றாள். வருவேன் என்றேன்.

பின்னேரம் வீட்டுக்கு ஒருவர் வந்தார், எங்கள் வீதிக்காரர். சோலார் போடலாமோ, பற்றறியோடு போடுவதோ இல்லாமலோ, எது லாபம் என்று கேட்டார். பழக்கத்தில் கொப்பியை எடுத்துவிட்டேன். மூடி வைத்துவிட்டு, "வீட்டிலை வருத்தக்காரர் ஆரும் இருக்கினமோ?" என்று கேட்டேன். மனுசன் திகைத்துப்போனார். தாய்க்கு நெஞ்சு வருத்தம் என்றார். அப்படியென்றால் லாபத்தைப் பிறகு பார்ப்போம், லைன் நிற்கிற நேரத்தை முதலில் பார்ப்போம் என்றேன். இனி எவர் வந்தாலும் அதுதான் என் முதல் கேள்வி. வயரும் இப்போது டிக்கிக்குள் இல்லை. முன் ஆசனத்தில், நீ சிலிண்டரோடு இருந்த இடத்தில் இருக்கிறது.

ஒன்றை மட்டும் புவனாவிடம் சொல்லவில்லை. அவளுக்கு அது வேண்டாம். உனக்குச் சொல்கிறேன். அதை நான்தான் வைத்திருக்க வேண்டும். மிசினை நிறுத்தியபின் காருக்குள் ஏறித் திரையைப் பார்த்தேன், உன் மிசின் பற்றறியில் எவ்வளவு குடித்திருக்கிறது என்று.

நூற்றுக்கு ஒரு வீதம்கூடக் குறையவில்லை, மச்சான்.